படைப்புச் சேலையும் நம் பங்க் ஆல்பமும்

அன்புள்ள சொக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைத் தூக்கிப் போன அன்று நான் அழுததைப் பார்த்து காரைக்குடியே உருகியதே, அதில் பாதிதான் உனக்காக. மீதி, அந்தச் சேலை இன்னும் உன் டிரம்முக்குள் கிடக்கிறதே என்ற பயத்தில் வந்தது.

நம் ஆல்பம் போன வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டதடா. ‘அறை முப்பது, கக்கூஸ் ஒண்ணு’ என்ற பெயரை மாற்றச் சொல்லிப் பங்காளிகள் கெஞ்சினார்கள். ஐம்பது வயதில் பங்க் ராக் பாடுகிறவன் எவனுக்கு அஞ்சுவான் என்று மீசையை முறுக்கினேன். இப்போது தனியாக இருக்கப் பயந்து, குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழிடுவதில்லை.

நம் பூர்விகப் பெரிய வீட்டில் பாட்டுப் பதிந்த அன்று, நீ காலால் மிதித்த பெரிய டிரம் வளவு முற்றம் முழுக்க அதிர்ந்தது. “உள்ள துணி அடைச்சாத்தான் அடங்கும்” என்று எழுந்து போனாய். திரும்பி வந்தபோது உன் கையில் படைப்புப் பெட்டிச் சேலை! கன்னியாகவே இறந்து நம் குடும்பத்துக்குத் தெய்வமானவளுடையது. ஆண்டுக்கொரு முறை, அவளுக்குப் படையல் போடும் படைப்பன்று, விரதம் இருந்தவர்கள் மட்டும் எடுத்து அலசி வைப்பது.

“வேணாம்டா” என்றேன்.

“அவுக கோவிச்சுக்க மாட்டாக. எத்தனை வருஷமா பெட்டிக்குள்ளயே இருக்காக, பாட்டுக் கேக்கட்டும்” என்றாய்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை. பதினோராம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். டாக்டர் சர்க்கரை என்றார், கொழுப்பு என்றார். அவருக்குச் சேலை விஷயம் தெரியாது. அடைத்த நீ போய்விட்டாய். சிரித்த எனக்கு எப்போது?

சேலையை எடுத்துவிடலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன். டிரம்முக்குள் கையை விட்டேன். ஈரமாக இருந்தது போலிருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். உன் மனைவி மீனா பார்த்துவிட்டாள்.

“என்ன, கையை விட்டுத் தேடுறீக?”

“பல்லி.”

“பல்லிக்கா இம்புட்டு வேர்க்குது உங்களுக்கு?”

வெளியீட்டன்று வளவில் ஸ்பீக்கர் வைத்தோம். படைப்பை முன்னின்று நடத்தும் வயிரவன் சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். “பாட்டெல்லாம் வெறும் வசவு. டிரம்மு மட்டும் அடக்கமா விழுகுதுடா. உள்ள என்னத்த வச்சீக?” என்றார். நான் ஸ்பீக்கர் சத்தத்தை இன்னும் கூட்டிவைத்தேன். அவருக்குத் தெரியுமோ? இல்லை, அவள்தான் அவர் வாயால் கேட்டாளோ?

நாளை மறுநாள் படைப்பு. பெட்டியைத் திறப்பார்கள். அதற்கு முன், நாளைக் காலையில் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். இந்தக் கையாலேயே சேலையை எடுத்து, பெட்டியைத் திறந்தவன் நான்தான் என்பேன். உன் பெயர் வராது, சத்தியம். ரொம்ப மிரட்டினால் மட்டும் கொஞ்சம் வரும்.

உன் பெரியப்பா மகன்,
நாச்சியப்பன்

பி.கு.: இதை மடித்து வைக்கும் நேரத்தில் சென்னையிலிருந்து ஒலிப்பதிவுக்காரர் பேசினார். நம் பெரிய டிரம்மின் சத்தம் எதற்கும் உதவவில்லையாம். ஆல்பத்தில் கேட்கும் அடி அத்தனையும் அவர் கம்ப்யூட்டரில் போட்டதாம்.