நெட் ரூம் ஆணிகள்

ஜூலை 8, திங்கள்

இன்று சிவிங்கி அடித்த அடியில் பந்து தரையில் பட்டு, எகிறி, சுவரில் மோதி, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துவிட்டது! பி.டி. மிஸ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றார். எங்கள் பள்ளி வாலிபால் டீம் இந்த வருடம் கோப்பை வாங்காவிட்டால் நான் என் பெயரையே மாற்றிக்கொள்கிறேன். மாற்றினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லோருக்கும் நான் 'குட்டை'தான்.

குட்டையாக இருப்பதால்தான் நான் செட்டர். பின்னாலிருந்து வரும் பந்தை வலைக்குப் பக்கத்தில் உயரத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. எகிறி அடிப்பது சிவிங்கியின் வேலை (ஒட்டகச்சிவிங்கியின் சுருக்கம், ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு). இன்னொரு பக்கம் கேப்டன் அடிப்பாள். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் ஆறு பேரும் நடுவில் ஓடிவந்து உள்ளங்கைகளை ஒன்றாகத் தட்டுவோம். கிடைத்த புள்ளியோ போன புள்ளியோ, தட்டியே ஆக வேண்டும். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே விளையாடலாம்.

ஜூலை 11, வியாழன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

சிவிங்கி பக்கத்து வகுப்புப் பெண் ஒருத்தியிடம், உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். அந்த மகராசி, எனக்கு அப்படி இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் விஷயம் முடிந்தது. போய் நாலு பேரிடம் சொன்னாள். நாலு நாற்பதாகி, இன்டர்வெல்லுக்குள் பள்ளிக்கூடம் முழுக்க இதே பேச்சு. எங்கள் வகுப்புக் கரும்பலகையில் 'லெஸ்பியன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். அந்தச் சொல்லில் ஒரு தப்பும் இல்லை. எழுதியிருந்த விதம்தான் காறித் துப்பியது போல இருந்தது.

சிவிங்கி என் பக்கம் திரும்பாமலே, "எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும். ரொம்ப நாளாவே. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தேன்," என்றாள்.

நான், "சரி. அந்த டஸ்டரை எடு," என்றேன். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய், தேவைப்படும்போது டஸ்டர் கேட்கிறது!

சாயங்காலம் உடை மாற்றும் அறை வாசலில் கேப்டன் அவளை மறித்தாள். "நீ இனிமே நெட் ரூம்ல மாத்திக்கோ. எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு." (நெட் ரூம் என்றால் பக்கத்தில் பழைய வலைகளைப் போட்டு வைக்கிற அறை.)

ஒரு மாதிரின்னா? எந்த மாதிரி? மிஸ்ஸிடம் ஓடினேன். "டோர்னமென்ட் நேரத்துல பிரச்சினை வேணாம்மா. கொஞ்ச நாள்ல அடங்கிடும்," என்றார்.

யாரு அடங்கணும் மிஸ்? அவளா?

ஜூலை 12, வெள்ளி

புள்ளி முடிந்து தட்டும்போது ஐந்து கைதான் சேர்ந்தது. அவள் நீட்டிய கையை எல்லோரும் பார்க்காதது போல் திரும்பினார்கள். நான் மட்டும் தனியாகப் போய்த் தட்டினேன். இரண்டு கைக்கு அந்தச் சத்தம் வருவதில்லை.

ஜூலை 15, திங்கள்

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. "தினம் எத்தனை பேர் ரத்தத்தைப் பாக்குறேன், எல்லாம் ஒரே சிவப்புதான். அவளைச் சாப்பிடக் கூட்டிட்டு வா," என்றாள்.

அண்ணன் விடுவானா? "அப்ப நீயும் அப்படித்தானா?"

"ஆமான்னாலும், இல்லைன்னாலும், உனக்கென்ன லாபம்?" என்றேன். அப்பா வாஷிங் மெஷின் மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். பள்ளியிலும் இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பதில்!

ஆனால் இன்று உதித்தது பார் ஒரு யோசனை! யார் கையைத் தட்டாவிட்டால் என்ன? பந்து யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது செட்டர். அதாவது நான். சனிக்கிழமை லீக் மேட்சில் எல்லாப் பந்தும் சிவிங்கிக்கே. அவள் அடிக்கிற அடியில் ஒவ்வொருத்தி வாயும் அடைபடும். நினைத்தாலே உள்ளங்கை பரபரக்கிறது!

ஜூலை 20, சனி

தோற்றோம். என்னால்.

முதல் பத்துப் பந்திலேயே எதிர்டீம் என்னைப் படித்துவிட்டது. கேலரியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவருக்குக்கூட அடுத்த பந்து எங்கே போகும் என்று தெரிந்திருக்கும். சிவிங்கி எகிறும்போதெல்லாம் மூன்று பேர் சுவர் மாதிரி வலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அடித்தது எல்லாம் திரும்பி அவள் முகத்திலேயே விழுந்தது. அப்போதும் நான் விட்டேனா? இன்னொன்று, இன்னொன்று என்று அவளுக்கே கொடுத்தேன். எங்களுக்கு ஆதரவாக வந்திருந்தவர்களே சிரித்தார்கள்.

முடிந்ததும் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் என்னையே பாக்குறாங்கங்கிறதுதான் என் கஷ்டம். நீ என்னடான்னா, பாக்காம இருந்தவங்களையும் கூப்பிட்டுக் காட்டுற. நான் உன்கிட்ட இதைக் கேட்டேனா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லையே, உனக்கு என்ன வேணும்னு.

ஜூலை 22, திங்கள்

சிவிங்கி பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்தோம். இனி வரப்போவதில்லையாம். டீமுக்கு மட்டுமல்ல. "பள்ளிக்கூடமே வேணாம். வீட்டுல இருந்தே படிச்சுப் பரீட்சை எழுதிக்கிறேன். தினம் தினம் அந்த வாசல்ல நுழைய முடியல."

எனக்கு வாயை மூடத் தெரியாது. இன்று மூடினேன். வாயில் வந்த அறிவுரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

நான் கரும்பலகை என்று நினைத்தேன். இல்லை, அந்த ஐந்து கை என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "நெட் ரூம்ல தனியா உக்காந்து ஷூ கட்டுறது. நீங்க எல்லாம் பக்கத்து ரூம்ல பேசிச் சிரிக்கிறது சுவர் வழியா கேட்கும். உன் சத்தம்தான் ஜாஸ்தி கேட்கும்."

என் சத்தம். நான் அவளுக்காக ஊரோடு சண்டை போட்டுவிட்டு, உடை மாற்ற மட்டும் வழக்கம்போல அந்த அறைக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறேன். மரமண்டை! மரமண்டை!

"புதன்கிழமை ஒரு நாள் மட்டும் வா," என்று கெஞ்சினேன். பார்க்கிறேன் என்றாள்.

ஜூலை 24, புதன்

வந்தாள்!

அவளுக்கு முன்னாலேயே நான் என் பையோடு நெட் ரூமில் இருந்தேன். கிழிந்த வலைகள், கால் உடைந்த ஹர்டில், புழுதி பிடித்த பாய்கள், ஒரு பல்லி. அப்பாவிடம் வாங்கி வந்த சுத்தியலால் சுவரில் இரண்டு ஆணி அடித்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. "நீ எதுக்கு இங்க?" என்றாள். "அந்த ரூம்ல பல்லி இல்ல, போர் அடிக்குது," என்றேன்.

சிரித்தாள். எத்தனை நாளுக்கு அப்புறம்! ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது நாளைக்கு வருவாயா என்று கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்," என்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

இன்று கதவைத் தள்ளிக்கொண்டு பசை வந்து நின்றாள். (பின்வரிசைக்காரி. எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து அவள் கையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பசை.) "அங்க ஃபேன் ஓடல," என்றாள். இங்கே ஃபேனே கிடையாது! யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்றாவது ஆணி அடித்தேன்.

சிவிங்கி, "நாளைக்குப் பார்க்கலாம்."

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்னொருத்தி வந்துவிட்டாள். நாலு ஆணி! கை கால் நீட்ட இடமில்லை, ஒருத்தி ஷூவை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். பந்து எடுக்க வந்த மிஸ் கதவைத் திறந்து, "என்னடி இது, தீப்பெட்டிக்குள்ள குச்சி மாதிரி?" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். சிவிங்கியைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "மிஸ், இவளை இங்க அனுப்புற ரூலைக் கேப்டன் போட்டா. கோர்ட்ல ரூல் போடுறது நீங்க," என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து, கட்டிய ஷூவையே மறுபடி கட்டினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்!!

பயிற்சி தொடங்கும்போது மிஸ் சொன்னார்: "முதல்ல ஒரு விஷயம். போன மாசம் சிவிங்கிக்கு நடந்ததை நான் அப்பவே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. தப்பு என்னுது. இனிமே அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னா, என்கிட்ட சொன்னதா எடுத்துக்குவேன். ரெண்டாவது, இன்னையிலேர்ந்து ஆறு கை சேராத புள்ளிக்குக் கணக்கு கிடையாது."

முதல் புள்ளியைக் கேப்டனே அடித்தாள். பிரமாதமான அடி. ஓடிவந்தோம். சிவிங்கி கையை நீட்டியதும் கேப்டன் தன் கையை இழுத்துக்கொண்டாள். மிஸ் விசில் ஊதினார். "பூஜ்யம்."

அடுத்தது பூஜ்யம். அதற்கடுத்ததும் பூஜ்யம். இரண்டாம் டீம் பிள்ளைகள் எதிரே நின்றுகொண்டு ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போகிறார்கள்! சின்னப் பிள்ளைகளிடம் பூஜ்யத்தில் நிற்பதா? கேப்டன் முகம் பழுத்துவிட்டது. எங்கள் பக்கம் இன்னொருத்தி, "கையைக் கொடுத்துத் தொலையேன்டி!" என்று கத்தினாள்.

கடைசியில் கேப்டன் தட்டினாள். விரல் நுனியால், சுடுகிற பாத்திரத்தைத் தொடுவது போல. மிஸ் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். வற்புறுத்தித் தட்ட வைப்பதில் என்ன இருக்கிறது என்று சிவிங்கியிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லதான். ஆனா மிஸ் எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்தாங்களே," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அரையிறுதி ஜெயித்தோம். பந்தை எல்லாருக்கும் கொடுத்தேன். நான் திருந்திவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

கோப்பை! கோப்பை! கோப்பை! தொண்டை போய்விட்டது, ஆகவே எழுதுகிறேன்.

கடைசி செட். பதினாலுக்குப் பதிமூன்று, நாங்கள் முன்னால். பசை பந்தை எடுத்து என் தலைக்கு மேல் அனுப்பினாள். சிவிங்கி ஓடிவருகிறாள். என் கண்ணைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். பந்து அவளுக்கு இல்லை என்று அந்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எகிறினாள். அடிக்கப்போகிறவள் எப்படி எகிறுவாளோ அப்படியே, முழு உயரத்துக்கு, கையை ஓங்கிக்கொண்டு. போன மாத மேட்சில் மறித்தது போலவே எதிர்டீமில் மூன்று பேரும் அவளோடு எகிறினார்கள். நான் பந்தைத் தலைக்குப் பின்னால் கேப்டனுக்குத் தள்ளினேன். கேப்டனுக்கு எதிரே ஒரு கைகூட இல்லை. திறந்த வீடு!

அடித்தாள். முடிந்தது.

எல்லோரும் கேப்டனைக் கட்டிக்கொள்ள ஓடினோம். அவள் எங்களை விலக்கிக்கொண்டு நேராகச் சிவிங்கியிடம் போனாள். "அந்த ஜம்ப் இல்லேன்னா எனக்கு அந்தப் பந்து இல்ல," என்றாள். பிறகு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றாள். சிவிங்கி உடனே தட்டவில்லை. கொஞ்சம் காக்க வைத்தாள். வைக்கட்டும், நன்றாக வைக்கட்டும்! அப்புறம் தட்டினாள் பார், கேலரி வரை கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கேப்டன் நெட் ரூம் வாசலில் வந்து, "நான் சொன்னது தப்பு. எல்லாரும் அந்த ரூமுக்கே வந்துடுங்க," என்றாள். சிவிங்கி யோசித்துவிட்டு, "வேணும்னா வர்றேன். இப்ப இங்கேயே நல்லாத்தான் இருக்கு," என்றாள். கேப்டன் தலையாட்டிவிட்டுப் போனாள். டீமில் ஒருத்தி இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

கோப்பை இப்போது அலுவலக அலமாரியில் தூசி வாங்கிக்கொண்டிருக்கிறது. பயிற்சி வழக்கம்போல.

இன்று நாங்கள் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது கதவு கால்வாசி திறந்தது. எட்டாம் வகுப்புப் பெண். இரண்டாம் டீமில் பந்து எடுத்துப் போடுவாள், முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். சட்டை முதுகில் யாரோ சாக்பீஸால் கிறுக்கியிருந்தார்கள். அழுத முகம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா, இங்க யார் வேணும்னாலும் மாத்திக்கலாமா?" என்றாள்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. யார் எழுதியது, எந்த வகுப்பு, வா போய்க் கேட்போம் என்று. சிவிங்கி என் காலை லேசாக மிதித்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை அவள். தன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதுல மாட்டிக்கோ," என்றாள். அந்தப் பெண் மாட்டினாள். உட்கார்ந்தாள். பல்லியைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள்.

போகும்போது, "நாளைக்கும் வரலாமா அக்கா?" என்று கேட்டாள்.

"வா," என்றாள் சிவிங்கி. "நான் தினமும் இங்கதான் இருப்பேன்."

அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் ஆணி கேட்க வேண்டும்.