அட்டைப் படத்தின் கீழே என் பெயர்

இன்று காலை திருப்பதியிலிருந்து ஒரு புத்தகம் தபாலில் வந்தது. நம் மாவட்டத்துப் பழைய புகைப்படங்களின் தொகுப்பு. அட்டையில் நீ கண்டெடுத்த படம்: சித்தூர் கிறிஸ்தவ சபைப் பெண்கள் பதினோரு பேர், ஆலயத்துக்கு முன்னால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி. கீழே சிறிய எழுத்தில் ‘கண்டறிந்தவர்’ என்று போட்டு என் பெயர். தட்டில் இருந்த இட்லியை அதற்குமேல் என்னால் தொட முடியவில்லை.

நீ அறிவியல் டீச்சர், நான் தமிழ். ஆலயத்துச் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பழைய புகைப்படக் கண்ணாடித் தகடுகளைக் கழுவி, இயேசு படங்களுக்குக் கண்ணாடியாகப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாய். பழைய புடவையில் சுற்றி, ஆசிரியர் அறைக்குத் தூக்கிவந்தாய். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கறுத்த முடியெல்லாம் வெளுப்பு, வெள்ளைப் புடவையெல்லாம் கறுப்பு. “மருந்து பூசின பக்கம் கைய வெக்காத, ஓரத்தப் புடி” என்று என் கையைத் தட்டிவிட்டாய்.

மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் உன் வாயிலிருந்து கதையாக வரும். கடற்பாசிகளை நீல நிறத்தில் அச்செடுத்து முதன்முதலில் புகைப்படப் புத்தகம் போட்ட இங்கிலாந்துப் பெண்ணின் கதை. காகிதத்தில் படம் பிடிக்கும் வழியைத் தானாகவே கண்டுபிடித்தும், பேரும் மரியாதையும் இன்னொருவருக்குப் போய்விட்ட பிரெஞ்சுக்காரரின் கதை. அவர் தண்ணீரில் விழுந்து செத்தவர்போல உட்கார்ந்து தன்னையே படம் எடுத்துக்கொண்டாராம். “பாவம்மே அந்த ஆளு. கோவத்தக்கூட ஃபோட்டோவாத்தான் காட்டத் தெரிஞ்சிருக்குது” என்று சிரித்தாய்.

ஒருநாள் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தவள் கத்தினாய். “இங்க வாமே! ஜன்னல்ல பாரு!”

ஆலயத்தின் ஜன்னல் கண்ணாடியில் கேமராவின் பிம்பம் விழுந்திருந்தது. பக்கத்தில், படம் எடுக்கக் கழற்றிய லென்ஸ் மூடியைக் கையில் பிடித்தபடி, புடவை கட்டிய ஒரு பெண். அந்தப் படங்களை எடுத்தவர் வெள்ளைக்காரப் பாதிரியார் என்றுதான் சபையே நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் யார் என்று தெரிந்துகொள்ள நீ இரண்டு வருடம் அலைந்தாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீடு வீடாகப் போனாய். புத்தூரில் ஒரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியில் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. சபையில் தையல் சொல்லிக்கொடுத்த அன்னம்மாள்தான் அவர்.

நீ படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். எழுதிய கட்டுரையை என்னிடம் கொடுத்து, “என் தமிழு தெலுங்காட்டமே இருக்கும். நீ சரி பண்ணிக் குடு” என்றாய். திருத்தினேன். திருத்தத் திருத்த, கட்டுரையே என்னுடையது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. திருப்பதியில் ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டது தமிழ் டீச்சரான என்னைத்தான். அதையே ஒரு நியாயமாக வைத்துக்கொண்டு, என் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரையை அனுப்பினேன். கடைசி வரியில் ‘உதவிய தோழிக்கு நன்றி’. உன் பெயரைக்கூட எழுதவில்லை.

நீ வந்திருந்தாய். மூன்றாவது வரிசை. அந்தப் பிரெஞ்சுக்காரரின் கதையை நீ சொன்ன மாதிரியே மேடையில் சொன்னேன். ‘பெயர் பறிபோனவர்’ என்று குரலை உயர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீயும்தான்.

திரும்பும் பஸ்ஸில், சந்திரகிரி தாண்டும்வரை நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கொய்யாப்பழத்தைப் பிட்டு நீட்டினாய். “துன்னு. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல.” கொஞ்ச நேரம் கழித்து, “அன்னம்மா பேர அத்தினி பேரு கேட்டாங்க இல்ல?” என்றாய். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஆனால் தகடுகளைப் பற்றி நீ என்னிடம் பேசவே இல்லை. அது நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. நீ வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் சொல்லிவிடுவது என்று கிளம்பி வந்து, புது ஹெட்மாஸ்டரைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

இன்று பதிப்பாசிரியருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். பிறகு உன் மகளைக் கூப்பிட்டேன். அம்மா ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று நீ இறந்த மாதமே அவள் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொன்னவள் நான். இன்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் கையெழுத்துப் பிரதி என் பீரோவில் இருப்பதையும் சொன்னேன்.

கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

“அம்மா ஆஸ்பத்திரிக்கு நீங்க வர்ற நாள்ல எல்லாம் தலை வாரிக்கினு உக்காந்திருப்பாங்க ஆன்ட்டி. ‘இன்னிக்கு அவ எதுனா சொல்லுவா’ன்னு என்கிட்ட சொல்லிக்கினே இருப்பாங்க. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டாங்க” என்றாள்.