மீசை உதிராத நான்கு டயர்கள்

இன்று காலை ஷெட்டின் தகரக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ரப்பர் வாசனை. நான்கு வருஷமாக ஓடாமல் நிற்கிற வண்டியின் டயரில் இன்னும் எப்படி மிச்சமிருக்கிறதோ தெரியவில்லை. கூட வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டது எலிப் புழுக்கைக்காக. எனக்கு ரப்பர் மட்டும்தான் வந்தது.

வந்தவர் திருப்போரூர்க்காரர். பழைய வண்டிகளை வாங்கிச் சரிபண்ணி விற்கிறவராம். உங்கள் சிவப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மண்டி போட்டு, போன் வெளிச்சத்தில் டயரின் பக்கவாட்டைப் படித்தார்.

"இன்னாம்மா இது, இந்த ரப்பர் மீசை கூட இன்னும் உதிரல. ஆனா வயசாயிடுச்சே. இத்த நம்பி ரோட்ல எடுக்க முடியாது. வேன்ல தான் ஏத்திக்கினு போவணும்."

ஓடாத டயருக்கும் வயசாகும் என்பதை நீங்கள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அவர் படித்த அந்த நாலு எண்ணை எனக்கும் படிக்கத் தெரியும். முதல் இரண்டு, டயர் தயாரான வாரம். கடைசி இரண்டு, வருஷம். நான் அவரிடம் சொல்லவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிய பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் நினைத்திருப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாளில் நான் உங்களோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் உங்களுக்கு எலக்ட்ரீசியன் வேலை. பக்கத்துப் பங்களாக்காரர், உப்புக்காற்று தின்ற வண்டி என்று ஏறக்குறைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். தரையோடு ஒட்டிய உயரம், இரண்டே கதவு. முன்னால் இரண்டு சீட், பின்னால் பை வைக்கிற அளவுக்கு ஒரு இடுக்கு. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். மறுநாள்தான் வாயைத் திறந்தேன்.

"எல்லாரும் கார்ல ஏறுவாங்க. இதுல இறங்கணும் போலக்கீதே."

அடுத்த பத்து வருஷமும் யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயில் கும்பிட்டு, அப்படியே கடல் வரை போய், காற்று வாங்கித் திரும்புவோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ரோடு நேராகும். அங்கே நீங்கள் வேகம் எடுப்பீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வேதகிரீஸ்வரரைக் கூப்பிடுவேன். "உன் சாமிக்கு என்னால தான் நல்லா காது கேக்குது" என்பீர்கள்.

நுரையீரல் கெட்டது என்று தெரிந்த வருஷத்தில்தான் டயர்களும் வெடிப்பு விட்டன. வண்டியும் நின்றது, நீங்களும் கட்டிலுக்கு வந்தீர்கள். இனி மருந்து வேலை செய்யாது, ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் உங்களிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே நீங்கள் கேட்டீர்கள்.

"ஒரே ஒரு தடவ கடல் வரைக்கும் என் வண்டியில போயிட்டு வரணும். நான் ஓட்ட வேணாம். உக்காந்து வந்தா போதும்."

அப்போது உங்களால் முதுகு சாயாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. அடுத்த மாதம் முடியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

டயர் வாங்கப் போனவள் நான். பழைய டயரில் இருந்த அளவை நோட்டில் எழுதிக்கொண்டு செங்கல்பட்டில் நான்கு கடை ஏறினேன். அந்த அளவு இப்போது யாரும் வைப்பதில்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையும் கூட என்றார்கள். கடைசியாக உங்கள் சிநேகிதர் பாய் கடை. ஓட்டலுக்கு வருகிற வண்டிகளுக்குப் பஞ்சர் போட வந்து பழகியவர், உங்களை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவார். "இது கொஞ்சம் அகலம் தங்கச்சி. போட்டா போடலாம். கடையில ஒரு வருஷமா கிடக்குது, அதான் விலை இறங்கிக்கீது" என்றார். அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன்.

"பக்கத்துல நாலு நம்பர் இருக்கும் பாரு, படி."

படித்தேன்.

"ஒரு வருஷம் தான், பரவால்ல. ஆனா அகலம் தான் இடிக்கும்டி. நம்ம அளவே வரட்டும்."

"அதுக்கு ரொம்ப நாள் ஆவும்ங்க. விலையும் தாங்காது."

நீங்கள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். பிறகு, "உன் இஷ்டம்" என்றீர்கள். நாலு டயரில் மிச்சமானது பத்து நாள் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு ஆனது. கணக்கில் நான் தப்பு செய்யவில்லை. இப்போதும் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

பாய் நம் ஷெட்டுக்கே வந்து மாட்டினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றியபோது 'கர்ர்' என்று ஒரு சத்தம். டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசியது. ஜன்னல் வழியாக நீங்கள் கேட்டுவிட்டீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிட்டு, இரண்டு சாப்பாட்டுத் தட்டை எடுத்து வரச் சொன்னீர்கள். தட்டுகளை ஒட்டிப் பிடித்து, நடுவில் டபராவின் மூடியைச் சொருகிக் காட்டினீர்கள். "இதான் ஸ்பேசரு. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவுல ஒரு இரும்பு வட்டம். சக்கரம் ஒரு விரக்கடை வெளிய தள்ளிக்கும், உரசாது. நடு ஓட்டை மட்டும் அச்சுல கச்சிதமா உக்காரணும். இல்லாங்காட்டி ஸ்டீயரிங் ஆடும்."

மலிவாக வாங்கிய முதல் ஸ்பேசர் கச்சிதமாக உட்காரவில்லை. திருப்பிக் கொடுத்தேன். நல்லதாக வந்ததும் போல்ட் நீளம் போதவில்லை. நீளமான போல்ட்டுக்கு இன்னொரு வாரம். சரியான டயரே சென்னையிலிருந்து அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். இது இருவருக்கும் தெரிந்தும் நீங்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நீங்கள் உட்காரும் ஒரு மணி, முக்கால் மணியாயிற்று. பிறகு அரை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வண்டி வேலையெல்லாம் முடிந்தது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெடி அண்ணாத்த. நூறு கிலோமீட்டர் ஓடுனதும் சொல்லு, போல்ட்டை இன்னொரு தபா இறுக்கணும். வா, இப்பவே ஒரு ரவுண்டு போலாம்" என்றார்.

உங்களைச் சக்கர நாற்காலியில் ஷெட்டுக்குத் தள்ளி வந்திருந்தேன். நீங்கள் குனிந்து, புது டயரில் முளைத்திருந்த ரப்பர் முடிகளைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். "பாருடி, மீசை. ஓடுனா தான் உதிரும்." உங்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து மாசக்கணக்கு ஆகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சொன்னேன்.

"இன்னிக்கு அஷ்டமிங்க. நாளைக்கு நவமி. வியாழக்கிழமை தசமி, காலைல நல்ல நேரம் இருக்கு. எலுமிச்சம்பழம் வெச்சு, மலையடிவாரத்துல சூடம் காட்டிட்டுப் போலாம். நான் பின்னாடி அந்த இடுக்குல உக்காந்துக்கறேன்."

பாய் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"காலண்டருகாரன் லைசன்ஸ் குடுத்தா தான் என் வண்டி கெளம்பும் பாய்" என்று சிரித்தீர்கள். பிறகு, டயரிலிருந்து கையை எடுக்காமலே, "சரி வுடு. ரெண்டு நாள் தானே" என்றீர்கள்.

புதன்கிழமை காலை கடைத்தெருவில் நாலு எலுமிச்சம்பழம் பொறுக்கி வாங்கினேன். மதியம் கஞ்சி கொடுக்கும்போது உங்களுக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. ஷெட்டைத் தாண்டும்போது நீங்கள் ஏதோ சொன்னீர்கள். முகமூடிக்குள் எனக்குக் கேட்கவில்லை. தசமியன்று காலை, அந்த நல்ல நேரத்தில், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கண்ணன் பிறந்தது அஷ்டமியில். ராமன் பிறந்தது நவமியில். இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் சீடையும் பானகமும் வைக்கிறவள் நான். அவர்கள் வருவதற்கு ஆகிற நாள், நீங்கள் கடலைப் பார்ப்பதற்கு ஆகாது என்று எந்த வாயால் சொன்னேன்? மலைக்கு ஏறி அழுதிருக்கிறேன். சாமியைக் கோபித்துக்கொள்ளவும் தெரியவில்லை, என்னை மன்னிக்கவும் தெரியவில்லை. அன்றே போயிருந்தால் மட்டும் பிழைத்திருப்பாரா என்று பாய் கேட்பார். பிழைப்பதைப் பற்றி யார் பேசினார்கள்? அரை மணி நேரம். நேரான ரோட்டில் கொஞ்சம் வேகம். அவ்வளவுதானே நீங்கள் கேட்டது.

வண்டியை இத்தனை நாள் விற்காமல் வைத்திருந்தேன். இப்போது மழைத்தண்ணீர் ஷெட்டுக்குள் இறங்குகிறது. இருப்பதும் துருப்பிடித்துப் போகுமுன் யாராவது ஓட்டட்டும் என்றுதான் அவரை வரச் சொன்னேன். விலை படிந்தது. டயரையும் ஸ்பேசரையும் கழற்றிவிட்டு, பழைய அளவிலேயே போடப் போகிறாராம். நீங்கள் அந்த அளவையே கேட்டதை அவரிடம் சொன்னேன். "உங்க வூட்டுக்காரரு சொன்னது தான்மா சரி" என்றார்.

"அப்போ இன்னிக்கே ஏத்திக்கினு போயிடட்டா? வேன் வெளிய தான் நிக்குது."

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சாமி சத்தியமாக. கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. காலண்டர்.

"இன்னிக்கு நவமி" என்றது என் குரல்தான். "நாளைக்கு வாங்களேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கு இன்னாம்மா, ஒரு நாள் தானே" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு போனார்.

கடைத்தெருவுக்குப் போய் வந்ததிலிருந்து ஷெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இந்த நோட்டோடு. எலுமிச்சம்பழம் வாங்கியாயிற்று. நாளை காலை நாலு சக்கரத்துக்கும் கீழே வைப்பேன். ஷெட்டிலிருந்து வேன் வரை இருபது அடி இருக்கும். நான் தேர்ந்தெடுத்த டயர்கள் ஓடப் போகிற தூரம் அதுதான். அதற்குள் மீசை உதிராது.