வெள்ளிக்கிழமைதோறும் உற்சாகமாகப் பங்கேற்றார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கையும் நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். இந்த முதல் வரியைக் கடைசியில் ஒரு தடவை திருத்த வேண்டியிருக்கும், அதுவரை இப்படியே கிடக்கட்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ நாலு அப்புறம் போட்டுவிடுகிறாய், அதற்குப் பிறகு எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன், பத்தாவதோடு நின்றவன் கையெழுத்து, பொறுத்துப் படி.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்பிய அதே மாதம்தான் ரேடியோவை மழலையர் வகுப்பில் சேர்த்தோம். வாய் ஓயாத பிள்ளை என்று தங்கைக்கு நீ வைத்த பெயர், இப்போது அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். போகும்போது என் போனில் பள்ளிக்கூடத்துச் செயலியைப் போட்டுக் கொடுத்து, இனிமே வகுப்புல ஒரு துரும்பு அசைஞ்சாலும் உங்களுக்குத் தெரியும்பா என்றாய். அசைகிறதம்மா, நன்றாகவே அசைகிறது. பல் விளக்கி முடிப்பதற்குள் மூன்று செய்தி வந்துவிடும். நாளை மஞ்சள் நாள், மஞ்சள் உடை. இன்று உங்கள் குழந்தைகள் மேகத்தைப் பார்த்தார்கள். இந்த வாரம் வட்டம், வட்டமான பொருள் ஒன்று கொடுத்தனுப்பவும். லிப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்த வட்டம் என்ன, கயிற்றுச் சக்கரம்தானே, பழசு ஒன்றைத் துடைத்து நானே தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் வந்த படத்தில் மற்ற பிள்ளைகள் கையில் பொத்தான், டப்பா மூடி, பந்து, நம் பிள்ளை மடியில் மூன்று கிலோ இரும்பு. கீழே நாற்பத்தாறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள், பாராட்டா பரிகாசமா என்று இன்றுவரை தெரியவில்லை. வாசல் காவலாளி வேறு, தாத்தா, பேத்தியை இங்கேயே விட்டுட்டுப் போங்க என்கிறார். மகள் என்று இரண்டு நாள் திருத்தினேன், மூன்றாம் நாள் தாத்தாவாகவே இருந்துவிட்டேன், ஐம்பத்து மூன்று வயதில் வீண் வம்பு எதற்கு.

இதிலே வெள்ளிக்கிழமைச் செய்தி தனி ரகம், உனக்கும்தான் வருகிறதே. உங்கள் குழந்தை இந்த வாரம் குழுப் பேச்சில் உற்சாகமாகப் பங்கேற்றார், நண்பர்களுடன் பகிர்ந்து உண்டார், பாடல்களை மகிழ்ச்சியுடன் பாடினார். நம் குடும்பத்தில் ஐந்து வயதில் ஆர் விகுதி வாங்கிய முதல் ஆள் அவள்தான், எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. நீயும் வாரம் தவறாமல் அதையே எனக்குத் திருப்பி அனுப்பி, பாத்தீங்களாப்பா என் தங்கச்சியை என்று சிவப்பு இதயம் நாலு போடுவாய். நானும் பூரித்துப்போய் வேலைக்குப் போகிற கட்டடத்துக் கணக்கர் வரைக்கும் காட்டினேன். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல், திங்கள் முதல் வெள்ளி வரை பாயைவிட்டு எழவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அக்குளில் தெர்மாமீட்டரோடு படுத்திருக்கிறாள், போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் உற்சாகமாகப் பங்கேற்றார். அம்மா எட்டிப் பார்த்து, பரவாயில்லையே, படுத்த இடத்துலேர்ந்தே பாட்டு பாடிட்டு வந்திருக்கா, நீங்களும் இருக்கீங்களே, எழுந்து நடந்துபோயே ஒரு வேலையும் முடிக்கிறதில்லை என்றாள்.

திங்கட்கிழமை சிங்கம் மாதிரிதான் கிளம்பினேன். பேச வேண்டியதையெல்லாம் லிப்ட் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் அந்த டீச்சர், உன் வயதுதான் இருக்கும், ஒரு கையால் ஒருவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே உட்காருங்க சார் என்றாள். அங்கே இருந்தது பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. உட்கார்ந்தேன், என் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன, அந்தக் கோலத்தில் எந்தச் சிங்கமும் கர்ஜிக்க முடியாது. செய்தியைக் காட்டினேன். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இருபத்தெட்டுப் பிள்ளைக்கும் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள்ள அனுப்பணும் சார், எட்டு வாக்கியம் கொடுத்திருக்காங்க, மூணுல டிக் போட்டாத்தான் அடுத்த பிள்ளைக்குப் போகும், அவ வரலைங்கறதையே மறந்துட்டேன் என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அவ வந்தாலும் அது பொய்தான் சார், உங்க பொண்ணு மூணு மாசமா இந்த வகுப்புல ஒரு வார்த்தை பேசலை என்றாள். அதைச் சொல்வதற்குச் செயலியில் கட்டம் இல்லையாம். பெரிய மேடத்திடம் கேட்டதற்கு, நல்லதை மட்டும் அனுப்பு, மத்ததைப் பெற்றோர் கூட்டத்துல பாத்துக்கலாம் என்றாராம். பெற்றோர் கூட்டம் ஆண்டுக் கடைசியில்.

ரேடியோ, ஒரு வார்த்தை பேசவில்லை! வீட்டுக்கு வந்தால் யார் அழுதது, யார் ஈரம் பண்ணினது, யாருடைய ரப்பர் காணோம் என்று முழுச் செய்தியும் வாசிப்பாளே. இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அவள் சொன்ன ஒரு கதையிலும் அவள் இல்லை. செயலியைப் பார்த்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டீச்சர்மேல் கோபம் வரவில்லை, காரணம் உனக்குச் சொன்னால் என்ன. ஒவ்வொரு லிப்ட்டுக்கும் ஒரு அட்டை உண்டு, கதவு சரி, விளக்கு சரி, கயிறு சரி என்று பன்னிரண்டு டிக். ஒருநாள் அவசரத்தில் தரைத்தளத்தில் நின்றபடியே பன்னிரண்டையும் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன், அந்த நிமிடம் அதே லிப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுபோய் உள்ளேயிருந்து கணக்கர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அது சரி, இது சரி என்று எழுதுகிறவனுக்குத்தான் தெரியும் எது சரியில்லை என்று. டீச்சரிடம் இந்தக் கதையைச் சொன்னேன், முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, ரேடியோவின் பையில் போய் வரும். தினம் டீச்சர் ஒரு வரி, நான் ஒரு வரி, நடந்தது மட்டும். டிக் கிடையாது, உற்சாகம் கிடையாது. இன்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், பேசவில்லை என்று அவள் எழுதுவாள். வீட்டில் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள், காது வலி என்று நான். இன்று தன் பென்சிலைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்தாள், பேசவில்லை. அந்தப் பையன் பெயரை வீட்டில் ஒன்பது தடவை சொன்னாள். உடனே டீச்சர் அந்தப் பையன் பக்கத்திலேயே அவளுக்கு இடம் போட்டாள் பார், இதெல்லாம் எட்டு வாக்கியத்தில் எங்கே வரும். மூன்று வாரம் பேசவில்லை, பேசவில்லை, பேசவில்லை. அம்மா என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு நேரே பையைத் திறப்பாள். போன புதன்கிழமை டீச்சர் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இன்று பேசினாள், பக்கத்துப் பையனிடம் தள்ளி உட்காரு என்றாள், அவன் நகராததால் இன்னொரு முறை சத்தமாக. வாசலிலேயே படித்துவிட்டுக் காவலாளியைக் கட்டிப் பிடித்தேன், என்ன தாத்தா, பேத்தி பாஸா என்றார். அந்த வெள்ளிக்கிழமையும் உற்சாகமாகப் பங்கேற்றார் என்று வந்தது, முதல் தடவையாக அது உண்மை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ அனுப்புகிற செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். சாப்பிட்டேன், வேலை நல்லாப் போகுது, எல்லாரும் அன்பா இருக்காங்க. பதினேழு வாரமும் இதே மூன்று டிக். போன வாரம் எல்லாம் சூப்பர் என்று ஒரு படம் அனுப்பினாயே, சிரித்த முகம், இடது கை தெரியாதபடி படத்தை வெட்டியிருந்தாய், ஆனால் உன் பின்னால் இருக்கிற கண்ணாடியை வெட்ட மறந்துவிட்டாய். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டு. அம்மாதான் முதலில் பார்த்தாள், பார்த்ததிலிருந்து அந்தப் படத்தை மூடவில்லை. திட்டுவதற்காக எழுதவில்லை, பொய் டிக் போட்டவன் யாரைத் திட்டுவது. இத்துடன் அதே மாதிரி நாற்பது பக்க நோட்டு ஒன்று அனுப்புகிறேன், தினம் ஒரு வரி, நடந்தது மட்டும், நிரம்பியதும் திருப்பி அனுப்பு. கை விஷயத்தை மட்டும் நோட்டுக்குக் காத்திராமல் உடனே சொல். முதல் பக்கத்தில் நானே என் வரியை எழுதிவிட்டேன், மேலே போட்ட நலமாக இருக்கிறோம் என்பதற்கும் அதுதான் திருத்தம்: மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏணியில் ஏறினால் வலது முழங்கால் வலிக்கிறது, இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

மருந்து வேளைக்குச் சாப்பிடு, கையில் கனம் தூக்காதே. நீ தனியாக இல்லை என்கிற நினைப்பு உனக்கு எப்போதும் இருக்கட்டும், அதற்கு மேல் ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது. ரேடியோவிடம் அக்காவுக்கு என்ன எழுத என்று கேட்டேன். அங்க யாராவது அக்காவைத் தள்ளி உட்காருன்னு சொன்னா நகரவே கூடாதுன்னு எழுது, எனக்கு இப்போ அது சொல்லத் தெரியும், நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன் என்கிறாள்.

என்றும் உன் அப்பா,
காவலாளி கணக்கில் தாத்தா.