சிவப்புப் பொட்டு வைத்த பிளாஸ்க்

அக். 6, திங்கள்

காற்றே இல்லை. பின்பக்கப் பொட்டலில் வெடிக் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். வீடெல்லாம் புகை. நாளை கணக்கு டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை.

காலையில் அம்மாவோடு பன்றிக்கறிக் கடை. கடைக்கார அண்ணன் வழக்கம்போல, "ஊரே கறி கேக்குது, நீங்க மட்டும் புழு கேக்கீக டீச்சரம்மா!" குடலிலிருந்து எடுத்த உருளைப் புழுக்கள். வெள்ளை, பென்சில் கனம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டால்தான் கல்லூரி லேப் போகும்வரை உயிரோடு இருக்கும். அந்த பிளாஸ்க்கைப் பிடித்துக்கொள்வதும் வீட்டில் கழுவிவைப்பதும் என் வேலை. காபி பிளாஸ்க்கோடு மாறாமலிருக்க மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு.

மூடியைத் திறந்ததும் அம்மாவுக்கு மறுபடியும் மூச்சு இழுத்தது. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையிலிருந்து இன்ஹேலர்.

"அப்பாகிட்டச் சொல்லிராத."

அக். 8, புதன்

டெஸ்ட் மோசம். கொசுத் தொல்லை, கையெல்லாம் அரிப்பு.

ஏன் இப்படி மூச்சு இழுக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "இத்தன வருசம் புழுவோடயே கெடந்தா ஒடம்பு அத எதிரியா நெனச்சிரும். இந்த வேலைல நெறைய பேருக்கு வர்றதுதான்." மாணவியாக இருந்தபோது வெறுங்கையால் அறுத்தாளாம். மதுரையில், வெளிநாட்டில், இப்போது இங்கே, எல்லாம் ஒரே புழு. அதன் தசையில் ஏற்பிகள் (ரிசெப்டார்) உண்டு. மருந்து அதில் போய் உட்கார்ந்தால் தசை இறுகிப் புழு விறைத்துவிடும், குடலில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிடும். நம் ஏற்பி வேறு அமைப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது. ஆடுகளின் குடல்புழுவுக்குப் பழைய மருந்து இப்போது சரியாகப் பிடிப்பதில்லை. அம்மா புதியதைச் சோதிக்கிறாள். பன்றிப் புழு பெரியது, தசையை வெட்டித் தொங்கவிட வசதி. கடைசி அளவீடுகள் மட்டும் பாக்கி.

"தீவாளிக்குள்ள முடிச்சிருவேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வேலைய விடச் சொல்லிருவாக."

சாயங்கால ஜெபத்தில் அப்பா அவரவர் விண்ணப்பத்தைக் கேட்டார். "கணக்குல பாஸ் ஆகணும்," என்றேன். அம்மாவுக்காக மனதுக்குள் மட்டும்.

அக். 11, சனி

போர்வைக்குள் டார்ச். எழுத்து கோணல்.

சாத்தூரில் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா காபி போட்டார். காபி பிளாஸ்க் மூடி ஒழுகுகிறதென்று, தொட்டிப் பக்கம் காயவைத்திருந்த புழு பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டார். நேற்று நான் தேய்த்த தேய்ப்பில் பொட்டு உரிந்துபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பஸ்ஸில் அம்மா ஒரு வாய்தான் குடித்தாள். உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. பேச்சு வரவில்லை. பின் சீட்டில் ஒரு நர்ஸ் அக்கா எழுந்து கத்தினார்: "டிரைவரண்ணே, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க! ஸ்டாப்புல நிக்காதீக!"

ஊசி போட்டார்கள். பிழைத்தாள். அப்பா அழுதுகொண்டே, "இந்த வெடிப் புகைதான் டாக்டர், நாசமாப் போற புகை." டாக்டர் அம்மாவிடம், "என்ன சாப்பிட்டீங்க?" அம்மா என்னைப் பார்த்தாள். "தெரியல டாக்டர்."

என் மடியில் பிளாஸ்க். துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

அக். 12, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா படுத்தபடியே போனில் தன் மாணவி கவிதாவிடம், "செவ்வாக்கெழம நானே கறிக்கடைக்குப் போயிட்டு வாரேன்மா." குரல் இன்னும் கரகரப்பு.

அப்பா ஹாலில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா?" "ஒண்ணுமில்லப்பா." சீ.

சாயங்காலம் அம்மாவுக்குக் கஞ்சி. டம்ளரை வாங்கப்போனவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைவரை சிவப்புத் தடிப்பு.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"கொசும்மா."

"கொசு இப்பிடி கையுறை போட்ட மாதிரியா கடிக்கும்?"

"பிளாஸ்க் கழுவுனா அரிக்கும். காலைல போயிரும். இப்பல்லாம் போக மாட்டேங்குது."

தடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கஞ்சியில் ஆடை படிந்தது. என் கையை விடாமலே ஹால் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க. இங்கன வாங்க. நேத்து டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."