கடைசி வரியில் ஒரு கத்திக்குத்து

14.3.1982, ஞாயிறு

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் மகளைப் பெண் பார்க்க இன்று காம்பார் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். உட்காரவே இல்லை. "புந்தோங்ல பொண்ணெடுக்க வீட்ல பயப்படுறாங்க லா. பேப்பர்ல வெட்டுக்குத்துன்னு போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் செய்தியை அனுப்பியவன் நான். எங்கள் புந்தோங்கில் திருட்டும் அடிதடியும் குறைந்துவிட்டன என்றுதான் எழுதியிருந்தேன். போன வருடத்துக் கத்திக்குத்து ஒன்றைக் கடைசி வரியில் சேர்த்திருந்தேன். ஆசிரியர் அதை மட்டும் பெரிதாக்கிப் போட்டார். கேட்டதற்கு, "எதிர்க்கட்சிக்காரன் ஜெயிச்ச இடம்யா. கொறஞ்சிருச்சுன்னு போட்டா அவனுக்குத்தானே பேரு?" என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அக்கா மிஞ்சிய கேசரியைக் கொண்டுவந்தாள். அழுதிருந்தாள். "தம்பி, இப்பல்லாம் இங்க ஒண்ணும் நடக்கறதில்லன்னு நீ ஒரு வரி எழுதேன். பேப்பர்ல வந்தா நம்புவாங்க."

சரிக்கா என்றேன்.

செய்தியின் கீழே 'நமது நிருபர்' என்றுதான் போட்டிருந்தார்கள். என் பெயரைப் போட்டிருந்தால் இந்தக் கேசரி வந்திருக்காது.