மஞ்சள் பட்டி

அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் கோல் எடுத்தால் மகள் நிஸ்றா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். குவைத்துக்குத் திரும்பும் றுமைஸ் இதைக் கொண்டுவந்து தருவார்.

பாசிக்குடா ஹோட்டலின் வோட்டர் பார்க்குக்குப் போகுமுன் இரண்டு நாள் ஓட்டமாவடியில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் நின்றோம். பாலத்தடியில் நின்று ரயில் போவதைப் பார்த்தோம். முழங்காலளவு கடலில் நடந்தோம், சிப்பி பொறுக்கினோம். செலவே இல்லை. பார்க்கின் பெரிய சறுக்கில் ஏற நாலடி உயரம் வேண்டுமாம். நிஸ்றா காலையும் மாலையும் கதவுநிலையில் சாய்ந்து நின்று, "நாலடி வந்திட்டனா வாப்பா?" என்று கேட்டாள். வந்திருந்தாள்.

ஐந்து வயது வரை இலவசம் என்று வாசலில் எழுதியிருந்தது. நீ அனுப்பிய காசு நான் போட்டிருந்த சேட்டுப் பையில்தான் இருந்தது. இரண்டு நாள் செலவில்லாமல் போனதில் ருசி பிடித்துவிட்டதோ என்னவோ, "கால மடக்கி நில்லு மகள்" என்று அவள் காதுக்குள் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை நீளச் சட்டைக்குள் முழங்காலை மடக்கி நின்றாள். சின்னப் பிள்ளைகளுக்குரிய மஞ்சள் பட்டியைக் கையில் கட்டிவிட்டார்கள்.

மஞ்சள் பட்டிக்காரரைச் சறுக்கில் ஏற்றமாட்டார்கள் என்பது ஏணியடியில்தான் தெரிந்தது. உண்மையைச் சொல்லிக் காசைக் கட்டியிருக்கலாம். அவளைத் திருப்பிக் கூட்டிவந்தேன். பின்னேரம்வரை குழந்தைகளின் தொட்டியில் கணுக்கால் தண்ணீரில் இருந்தாள். அழவில்லை.

அன்று நீ கோலில் கேட்டபோது, "ரெண்டு தரம் சறுக்கினன் உம்மா" என்றாளே, அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் கணவன்